குளத்தை இரண்டு அடி உயர்த்தக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

எங்கள் பக்கம் எந்தக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழும்பி, "குளத்தை இன்னும் இரண்டு அடி உயர்த்தித் தந்தால் சிறுபோகம் முழுக்கச் செய்யலாம்" என்று சொல்லுவார். சிறுபோகம் என்றால் கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற போகம். மண்டபம் முழுக்கத் தலையாட்டும். கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அதைத் திட்டமாக எழுதி அதிகாரிகளிடம் கொண்டு போவதற்கு முன் ஊர்க்காரர் தாங்களே செய்து முடிக்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது, அதைச் செய்யாமல் போனால் காசும் போய் ஒரு சிறுபோகமும் போய், கடைசியில் உயரமான கட்டும் பழைய அளவு தண்ணீரும்தான் மிஞ்சும். நான் இங்கே உதாரணத்துக்குக் கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுக் குளத்தை வைத்துக்கொள்கிறேன். வன்னியில் இத்தனை தடவை பெருப்பித்த (உயர்த்திப் பெரிதாக்கிய) குளம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் கட்டும் திட்டத்தை ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885இல் வரைந்தார். வேலை 1902இல் தொடங்கி 1921இல்தான் முடிந்தது. அப்போது கொள்ளளவு 40,000 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் ஒரு ஏக்கர் அடி). பிறகு 1950களில் இரண்டு தடவை உயர்த்தி 82,000 ஆக்கினார்கள், 1970களில் 1,06,500 ஆக்கினார்கள். போர் முடிந்த பிறகு நடந்த புனரமைப்பில் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது, கொள்ளளவு 1,19,500 ஏக்கர் அடியானது. அந்த வேலை முடிந்து 2018 டிசம்பரில் குளம் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் வெள்ளமும் வந்தது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வான் எத்தனை தடவை பாய்ந்தது?

முதல் கேள்வி இதுதான், இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கடந்த இருபது வருடத்தில் உங்கள் குளம் எத்தனை வருடம் வான் பாய்ந்தது, அதாவது நிரம்பி மிகுதித் தண்ணீர் வெளியே வழிந்தது, பாய்ந்த வருடங்களில் எத்தனை நாள், எவ்வளவு உயரத்தில் பாய்ந்தது? நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பதிவேட்டில் தினசரி நீர்மட்டம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். இடப்பெயர்வால் பதிவு விட்டுப்போன வருடங்களுக்கு வயதானவர்களையும் குளத்துக் காவலாளியையும் கேட்டு எழுதுங்கள், கோயில் திருவிழா, பிள்ளை பிறந்த வருடம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கேட்டால் ஆட்கள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகச் சொல்லுவார்கள்.

பத்து வருடத்தில் ஏழெட்டு வருடம் நன்றாக வான் பாய்ந்திருந்தால், கடலுக்குப் போகிற தண்ணீரைப் பிடிக்க இடம் கேட்பதில் அர்த்தம் உண்டு. பத்தில் இரண்டு வருடம்தான் பாய்ந்தது என்றால் உயர்த்திய இரண்டு அடியும் மற்ற எட்டு வருடமும் வெறும் காற்றைத்தான் பிடித்து வைத்திருக்கும். அப்படிப்பட்ட குளத்துக்குச் செய்ய வேண்டியது புனரமைப்பு, பெருப்பித்தல் வேண்டாம்.

அடுத்தது நீரேந்து பரப்பின், அதாவது மழைத் தண்ணீர் குளத்துக்கு ஓடி வருகிற நிலத்தின் கணக்கு. பள்ளிக்கூடக் கணக்குத்தான், பயப்படத் தேவையில்லை. ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். இரணைமடுவின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல், அதாவது 1,45,000 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பரப்பு முழுவதிலுமிருந்து ஒரு அங்குலத் தண்ணீர் ஓடி வந்து குளத்தில் சேர்ந்தால் 12,000 ஏக்கர் அடிக்குச் சற்று மேல் வரும். புதிதாகக் கூட்டிய கொள்ளளவு 13,000 ஏக்கர் அடி என்பதால், அதை நிரப்ப ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஓட்டம் போதும். கேட்க இலகுவாக இருக்கிறதல்லவா? ஆனால் நான் சொல்வது ஓடி வருகிற தண்ணீர், பெய்கிற மழையைச் சொல்லவில்லை. பெய்கிற மழையில் பெரும் பகுதியைக் காடும் மண்ணும் மேலே உள்ள சின்னக் குளங்களும் எடுத்துக்கொள்ளும். ஐப்பசியின் முதல் மழைகளில் வாய்க்காலில் ஒரு சொட்டுக்கூட ஓடாமல் காய்ந்த மண் முழுவதையும் குடித்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் குளத்துக்கு மேலே கடந்த சில வருடங்களில் எத்தனை குளம் திருத்தப்பட்டது, ஆற்றில் எங்கே மணல் அகழ்கிறார்கள், எங்கே காடு வெட்டுப்பட்டது என்பதையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள், ஏனென்றால் மேலே இருக்கிற பத்துக் குளத்தை உயர்த்திவிட்டுக் கீழே உள்ள குளத்தையும் உயர்த்தினால் எல்லாருமாக ஒரே மழையைத்தான் பங்கு போடுவார்கள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். வன்னியின் கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் 120 நாளில் 600 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அடி. நீங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து உயர்த்திய அதே இரண்டு அடி உயரத்தை நான்கு மாத வெயில் எடுத்துக்கொள்ளும். ஆகவே கூடிய தண்ணீர் முழுவதும் வயலுக்கு வரும் என்று கூட்டத்தில் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்குத் துருசிலிருந்து (வயலுக்குத் தண்ணீர் விடுகிற மதகிலிருந்து) 5 ஏக்கர் அடி தேவை என்று எடுத்தால் 13,000 ஏக்கர் அடியில் 2,600 ஏக்கர் வரும், அதிலும் ஆவியையும் கசிவையும் கழித்த மீதிதான் கையில் வருவது. இரணைமடுவின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. இந்த எண்களை அப்படியே ஊருக்குச் சொல்லுங்கள்.

உயர்த்துவதா, தூர்வாருவதா?

"கட்டை ஏன் உயர்த்த வேண்டும், அடியில் கிடக்கிற சேற்றை அள்ளினால் அதே தண்ணீர் நிற்குமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சின்னக் குளத்துக்கு இது நல்ல கேள்வி. ஒரு ஏக்கர் அடி என்பது 43,560 கன அடி, நூறு கன அடி ஒரு கியூப் என்ற நம்முடைய கணக்கில் 435 கியூப். மூன்று கியூப் ஏற்றுகிற டிப்பருக்கு 145 லோட். நூறு ஏக்கர் அடிக்கு 14,500 லோட், அதை நினைத்துப் பார்க்கலாம், மண்ணை வயலுக்கும் வீட்டு வளவுக்கும் கொடுக்கலாம். 13,000 ஏக்கர் அடிக்கு ஏறத்தாழ 19 இலட்சம் லோட். பெரிய குளங்களை உயர்த்துவதன் காரணம் இதுதான்.

தூர்வாரினாலும் துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுவதால் வயலுக்கு ஒரு சொட்டும் கூடாது, அந்தத் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் பக்கத்துக் கிணறுகளுக்கும்தான் (அதுவும் வேண்டியதே, ஆனால் அதை அப்படியே சொல்லித் தோண்ட வேண்டும்). கட்டின் அடிக்குக் கிட்டத் தோண்டவே கூடாது. எவ்வளவு ஆழத்துக்குக் களி இருக்கிறது என்று பார்க்காமல் பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரத்தை) இறக்கிவிட்டு, களிப்படையை உடைத்து, கீழே மணல் தெரிந்த பிறகு தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குளத்தில் இப்போது தை மாதத்துக்குப் பிறகு தண்ணீர் நிற்பதில்லை.

கட்டு

புரட்டாசியில், குளம் வற்றிக் கிடக்கும்போது, நான்கைந்து பேராகக் கட்டில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடவுங்கள். நூறு அடிக்கு ஒரு முளை அடித்து இலக்கம் போடுங்கள். எந்த முளைக்குக் கிட்ட என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: புற்று, உடும்பு வளை, மாடு இறங்கி அரித்த வழி, சரிந்த அலைதடுப்புக் கல், தாழ்ந்துபோன இடம், பெரிய மரம். பிறகு மார்கழியில் குளம் நிறைந்து நிற்கும்போது அதே நடையை வெளிப்பக்கத்து அடியில் நடவுங்கள். எங்கே ஈரம், எங்கே கோரைப்புல் பச்சையாக நிற்கிறது, எங்கே கசிகிறது என்று பாருங்கள். தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் அளந்து எழுதி வைத்துக் கவனிக்கலாம். கலங்கலாக வந்தால் கட்டுக்குள் இருக்கிற மண் வெளியே வருகிறது என்று பொருள், அன்றைக்கே அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

மரத்தைக் கண்டதும் வேரோடு பிடுங்கச் சொல்லாதீர்கள். பெரிய மரத்தின் வேர் கட்டுக்குள் தூரம் போயிருக்கும், மரம் செத்த பிறகு அந்த வேர் உக்கி வெறும் குழாயாகிவிடும், தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடிக்கும். வெட்டுவதென்றால் அடிவேர் வரை தோண்டியெடுத்து, அந்தக் குழியைக் களிமண்ணால் படை படையாக இறுக்க வேண்டும். அந்த வேலைக்குக் காசும் குளம் வற்றிய காலமும் தேவை, ஆகவே அதையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உயர்த்துவது என்றால் மேலே இரண்டு அடி மண் கொட்டுவது என்று நினைப்பவர்கள் பலர். கட்டின் இரு பக்கச் சரிவையும் சேர்த்து ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஐந்து அடி அகலம் போகிறது என்று வைத்தால், மேல் அகலம் மாறாமல் இரண்டு அடி உயர்த்த அடி அகலம் பத்து அடி கூட வேண்டும். அந்தப் பத்து அடியும் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் வரும். அங்கே இப்போது என்ன இருக்கிறது? வாய்க்காலா, றோட்டா, யாருடைய வேலியா? இதை முதலே பார்க்க வேண்டும். பழைய சரிவின் புல்லையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்து, படிக்கட்டுப் போல வெட்டி, அதன்மேல்தான் புது மண் போட வேண்டும். ஆறு முதல் ஒன்பது அங்குலப் படையாகப் போட்டு, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்க வேண்டும். வழுவழுப்பான பழைய சரிவின்மேல் சும்மா கொட்டிய மண் முதல் பெரிய மழையோடு தனியாக வழுக்கி வரும். மண் எங்கேயிருந்து வருகிறது என்பதும் திட்டத்தின் பகுதிதான். கிறவல் அள்ளுகிற இடத்தை ஊர் முதலே காட்டாவிட்டால் ஒப்பந்தக்காரர் தனக்குக் கிட்டின இடத்தில் அள்ளுவார், அது சில வேளை உங்கள் மேய்ச்சல் தரையாக இருக்கும்.

இன்னொரு விடயம், இதை நான் எந்தக் கூட்டத்திலும் விடாமல் சொல்லுவேன். முழு நீர்மட்டத்தை உயர்த்திவிட்டுக் கட்டின் உச்சியை அப்படியே விட்டால் அது பெருப்பித்தல் ஆகாது. தண்ணீருக்கும் கட்டின் உச்சிக்கும் நடுவில் விட்டிருக்கிற உயரம் வெள்ளத்துக்கும் அலைக்கும் உரியது, அதைச் சாப்பிட்டுக் கொள்ளளவு கூட்டினோம் என்று கணக்குக் காட்டக் கூடாது. 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் உடைந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நித்திரையிலேயே வெள்ளத்தில் போனார்கள். கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே கட்டின் மேலே றோட்டுக் கேட்கிற ஊர்களும் ஒரு தடவை யோசியுங்கள்.

வான், வான்கதவு, 2018

குளம் பெரிதாகும்போது வானும் (மிகுதித் தண்ணீர் வழிகிற இடம்) திரும்பக் கணக்கிடப்பட வேண்டும். ஒரு கன அடி வினாடி ஓட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அடி. இதை மனப்பாடம் செய்து வையுங்கள், குளத்துக் கணக்கில் பாதி இதனால் தீரும். இரணைமடு நிறைந்து நிற்கும்போது நீரேந்து பரப்பிலிருந்து நான்கு அங்குலம் ஓடி வருகிறது என்று வையுங்கள்: 48,000 ஏக்கர் அடி. அது ஒரே நாளில் வெளியேற வேண்டுமானால் வினாடிக்கு 24,000 கன அடி பாய வேண்டும். கீழே உள்ள ஆறு அதைத் தாங்குமா, பாலங்கள் தாங்குமா, ஆற்றங்கரையில் பிறகு வந்து குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?

2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் கொட்டிய மழையில் குளம் நிரம்பிக் கதவுகள் திறக்கப்பட்டன, கீழே உள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவை எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று பிறகு பெரிய வாதம் நடந்தது. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கதவடியில் நிற்கிற ஆளின் நிலையை யோசித்துப் பாருங்கள்: கார்த்திகை முடிவில் குளம் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, திறந்துவிட்ட பிறகு மழை நின்றுபோனால் சிறுபோகத்தைக் கெடுத்தவன் என்று ஏசுவார்கள், திறக்காமல் விட்டு மழை வந்தால் ஊரை மூழ்கடித்தவன் என்று ஏசுவார்கள். இந்த முடிவை அந்த இரவில் ஒரு தனி ஆளின் தலையில் போடக் கூடாது. திட்டத்தோடு சேர்ந்து ஒரு எழுத்து வேண்டும்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் எந்தத் திகதியில் நீர்மட்டம் எந்த அடிக்கு மேலே போக விடக்கூடாது, போனால் எத்தனை கதவு எத்தனை அங்குலம், யார் உத்தரவு தருவது, மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் எங்கே, கையால் தூக்க எத்தனை பேர் வேண்டும், திறக்க எத்தனை மணித்தியாலம் முன்னால் கீழ் ஊர்களுக்கு யார் சொல்லுவது. கமக்காரர் அமைப்பும் கீழ் ஊர்க்காரரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். சீமெந்தைவிட இந்தத் தாள் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

அலைகரையில் இருப்பவர்கள்

வன்னி தட்டையான நிலம். ஐந்நூறு அடிக்கு ஒரு அடி சரிகிற இடத்தில் தண்ணீர் இரண்டு அடி உயர்ந்தால் கரை ஆயிரம் அடி உள்ளே போகும். வரைபடத்தில் அது ஒரு மெல்லிய கோடு. ஆகவே நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் புது நீர்மட்டம் வரும் இடமெல்லாம் வெள்ளை முளை அடியுங்கள், அலைகரையில் (குளத்துத் தண்ணீரின் உள்பக்க விளிம்பில்) பயிர் செய்பவர்களையும் கூடவே நடக்க விடுங்கள். காணி உறுதி உள்ளவர், பெர்மிற் உள்ளவர், ஒன்றும் இல்லாமல் முப்பது வருடம் செய்தவர் என்று மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். மூன்றாவது வகைக்குச் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஆனால் அவர்களும் நம் ஆட்கள், வேறு காணியோ கூடிய தண்ணீரில் பங்கோ கொடுக்க என்ன வழி என்று வேலை தொடங்க முதலே பேசுங்கள். காடு ஒரு ஹெக்டயருக்கு மேல் அழிகிறது என்றால் சுற்றாடல் அனுமதி எடுக்க வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ் இல்லாத இடத்தில் ஒரு முளையும் அடிக்க வேண்டாம்.

கூடிய தண்ணீர் யாருக்கு?

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டு போகும் திட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அந்தத் திட்டம் வந்தபோது, சிறுபோகத்துக்கே காணாத தண்ணீரில் பங்கு கேட்கிறார்கள் என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். வருடக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற வழிக்குத் திட்டம் மாறியது. தாகமும் நியாயம், வயலும் நியாயம். மழை குறைந்த வருடத்தில் யாருக்கு முதல் என்ற ஒரு வரியை எல்லாரும் ஒப்புக்கொண்டு முதலே எழுதியிருந்தால் அண்ணன் தம்பிக்குள் இத்தனை கசப்பு வந்திராது. உங்கள் குளம் சின்னதாக இருந்தாலும் தலைவாய்க்கால்காரர், கடைவாய்க்கால்காரர், மீன்பிடிக்கிறவர், மாடு வைத்திருக்கிறவர், ஏற்று நீர்ப்பாசனத்துக்கு மோட்டர் வைத்தவர் என்று ஐந்து பங்காளர் இருப்பார்கள். அந்த வரியைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் அறிக்கையில் ஏற்றுங்கள்.

வாய்க்காலையும் அளவுங்கள். நேரான நூறு அடித் துண்டைத் தெரிந்து, ஒரு காய்ந்த தேங்காயை மிதக்கவிட்டு, நூறு அடி போக எத்தனை வினாடி என்று பாருங்கள். நூறை அந்த வினாடியால் பிரித்து, தண்ணீரின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கி, 0.85ஆல் பெருக்கினால் கன அடி வினாடி வரும். துருசடியில் 50, கடைசியில் 30 என்று வந்தால், நடுவில் யாரும் எடுக்காத நேரத்தில், நூற்றுக்கு நாற்பது வழியிலேயே போகிறது. அப்படியான இடத்தில் வாய்க்காலைத் திருத்துவது கட்டை உயர்த்துவதைவிட மலிவாகவும் கூடுதலாகவும் தண்ணீர் தரலாம்.

வேலைக் காலமும் முதல் நிரப்பலும்

கட்டு வேலை சித்திரைக்குப் பிறகு தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் ஆபத்தில்லாத நிலைக்கு வந்துவிட வேண்டும். துருசுக்குள் வேலை என்றால் குளம் வற்ற வேண்டும், அதாவது ஒரு சிறுபோகத்தை, பெரிய குளமென்றால் இரண்டு சிறுபோகத்தை இழக்க வேண்டும். இதை ஒளிக்காமல் முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள், கூலிக்கு வயல் செய்கிறவர்களுக்கு அந்தக் கட்டு வேலையில் இடம் கொடுக்க ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கட்டு அகலமாகும்போது துருசின் குழாயும் நீள வேண்டும், பழையதும் புதியதும் சேர்கிற மூட்டில்தான் ஒழுக்கு வரும், ஆகவே அதை மண் போட்டு மூடுவதற்கு முன் அமைப்பின் ஆள் ஒருவர் பார்த்துப் படம் எடுக்க வேண்டும்.

முதல் வருடம் ஆசைப்பட்டுப் புது மட்டம் வரைக்கும் ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். பழைய முழு மட்டத்தில் பத்துப் பதினைந்து நாளாவது நிறுத்தி, காலையும் பின்னேரமும் வெளி அடியால் நடந்து, உங்கள் முளை இலக்கங்களுக்கு நேரே கசிவை எழுதுங்கள். கசிகிற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, வாளி நிறைய எத்தனை வினாடி என்று பாருங்கள். அந்த எண் நாளுக்கு நாள் மாறாமல் நின்றால் அரை அடி கூட்டலாம். வாளி சீக்கிரம் நிறையத் தொடங்கினாலோ தண்ணீர் கலங்கினாலோ துருசைத் திறந்து மட்டத்தை இறக்கிவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள், அது நள்ளிரவாக இருந்தாலும்.